கைநாட்டு வைக்காத உலகம்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருவதாகக் காரைக்காலிலிருந்து பைக்கில் வந்திருந்த புரோக்கர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் தாத்தா, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். இன்னொருவன் பிரான்ஸில் இருக்கிற நான். அவன் பிறக்கவே இல்லை. ஆனாலும் அன்றைய பேச்சு முழுவதும் இல்லாத அந்த இரண்டு பேரைப் பற்றியே நடந்தது.

"பழைய பதிவேட்டுல உங்கப்பா கைநாட்டு இருக்குற மாதிரி எடுத்துக் குடுத்துடலாம்ணே" என்றார் புரோக்கர். "அந்தக் காலத்துத் தாளு, அந்தக் காலத்து மையி, எல்லாம் நம்மகிட்ட இருக்கு. ஒரு கட்டைவிரல்தான் இல்ல."

"செத்தவரு விரலுக்கு நான் எங்க போவேன்?"

"உங்க விரலு போதும்ணே. அப்பனுக்கும் புள்ளைக்கும் ரேகை பெரிசா மாறாது."

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றபடி, "ரேகை மாறாதுன்னா தலையெழுத்தும் மாறாது. அப்புறம் எதுக்குங்க உங்களுக்குக் காசு?" என்றாள்.

புரோக்கர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தன் வலதுகைக் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. மீதிக்கு நிலத்தை விற்பதாக ஏற்பாடு. எங்கள் ஊரான பூவத்தில் எங்களுக்கு இருப்பதே இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூட வராது. அந்த வரப்பில் உட்கார்ந்து படித்துத்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டினேன். அது போனால் அறுபது வயதில் அப்பா கூலிக்குப் போக வேண்டும்.

"தாத்தா பொறந்த பதிவு ஒண்ணு வேணும். தம்பிதான் படிச்சவராச்சே, அவரே எடுத்துக்கிட்டு வரட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை விரலை வச்சுடுவோம்" என்று சொல்லிவிட்டு புரோக்கர் கிளம்பினார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபத்திரண்டில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் அதற்குள் எழுதிக் கொடுக்கலாம், எழுதாதவர்கள் இந்தியர்கள். அந்த ஆறு மாதம் ஆவணி பிறந்தபோது தொடங்கி மாசி பிறந்ததும் முடிந்தது. அதாவது, சரியாக ஒரு சம்பா. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிற நேரத்தில் தவணை தொடங்கி, களத்தில் நெல் காய்கிற நேரத்தில் முடிந்திருக்கிறது. தாத்தா, "அறுப்பு முடியட்டும், போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அறுப்பு முடிந்தது. தவணையும் முடிந்தது.

எங்கள் தெருக்கோடியில் எழுதிக் கொடுத்தவர் வீடு ஒன்று உண்டு. இப்போது அதில் யாரும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகள் வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்பா சொல்வது ஒரே வாக்கியம்தான்: "உங்க தாத்தா ஒரே ஒரு கைநாட்டு வச்சிருந்தா…" அதற்கு மேல் சொல்லமாட்டார். மீதியை நாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எப்படியோ, அந்த மீதிக்குள் ஒரு பையன் வளர்ந்துவிட்டான். நான் ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தான். "அங்க இருக்குறவன் இந்நேரம் நூத்துக்கு நூறு வாங்கிருப்பான்" என்றார் அப்பா. திட்டுவதற்காகச் சொன்னதுதான். ஆனால் அதன் பிறகு அவன் போகவில்லை. எனக்குச் சளி பிடித்தால் அவனுக்கு அங்கே கம்பளிச் சட்டை இருந்தது. நான் சைக்கிளிலிருந்து விழுந்தால் அவன் காரில் போனான். ஒரு தீபாவளிக்கு அப்பா காரைக்கால் கடைத்தெருவிலிருந்து எனக்குச் சட்டை வாங்கி வந்தார். தோள் இரண்டு விரல் இறங்கி, கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. "யாரு அளவுக்குங்க எடுத்தீங்க?" என்று அம்மா கேட்டாள். அப்பா கடைப் பையை மடித்து வைத்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, யாரோ அதை உள்ளேயிருந்து போட்டிருப்பது போலவும் நான் வெளியே நின்று பார்ப்பது போலவும் இருந்தது.

அவனை விரட்டத்தான் நான் இயற்பியல் படித்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் கல்லூரியில் பல பிரபஞ்சங்கள் பற்றிய பாடம் வந்தபோது வகுப்பில் என்னளவுக்கு யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. அதை அப்பாவுக்கு ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய மடத்தனம்.

போர்செட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். அணுவைவிடச் சின்னத் துகள் ஒன்று இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் போகும், நாம் பார்க்கும்போது மட்டும் ஒரு வழியில் போனதாகத் தெரியும், மற்ற வழியில் போனது இன்னொரு பிரபஞ்சத்தில் நடக்கிறது என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள் என்றேன். நடந்திருக்கக்கூடியது எல்லாம் எங்கேயோ ஒரு பிரபஞ்சத்தில் நடந்தே இருக்கும் என்றும் சொன்னேன். அதனால் எதற்கும் வருத்தப்பட வேண்டியதில்லை என்பது நான் சொல்லவந்த முடிவு. அந்த முடிவுக்கு வர அப்பா என்னை விடவில்லை.

"அந்த உலகத்தை யாரு பாத்தா?"

"யாராலயும் பாக்க முடியாதுப்பா."

"பாக்க முடியாததை எப்படிடா பாடத்துல வச்சாங்க?"

"கணக்கு அப்படி வருதுப்பா."

மண்வெட்டியை மடையில் ஊன்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அப்ப அவன் இருக்கான்" என்றார்.

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்திருந்ததைப் பார்த்தேன். அதுவரை 'இருந்திருப்பான்' என்று சொன்னவர் அதற்குப் பிறகு 'இருக்கான்' என்றே சொன்னார். எழுத்தறியாத ஒரு மனிதருக்கு நான் கொண்டுவந்து கொடுத்த படிப்பு இவ்வளவுதான்: ஒரு வினைச்சொல்லின் காலம் மாறியது. மழை பெய்தால் அங்கேயும் பெய்யுமா என்று கேட்பார். பொங்கலன்று வாழையிலை போடும்போது, "அவனுக்குப் பொங்கல்னா என்னன்னு தெரியுமோ என்னமோ" என்பார். பாடம் எடுக்கும் பள்ளியிலிருந்து நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினால், வாசலில் இன்னொரு ஜோடி கிடக்கிறதா என்று பார்ப்பவர்போல ஒரு நொடி தாமதித்துத்தான் "வாடா" என்பார்.

நான் தர்க்கத்தால் சண்டை போட்டேன். தாத்தா எழுதிக் கொடுத்திருந்தால் நீங்கள் அங்கே வளர்ந்திருப்பீர்கள், அம்மாவைப் பார்த்தேயிருக்கமாட்டீர்கள், அப்படியானால் அங்கே உங்களுக்குப் பிறந்தவன் நான் இல்லை, என் முகம்கூட அவனுக்கு இருக்காது, யாரோ ஒரு அந்நியனை நினைத்து ஏங்குகிறீர்கள் என்றேன். எல்லாப் பிரபஞ்சமும் உண்மையென்றால், தாத்தா ஏன் எழுதிக் கொடுத்தார் என்று பனியில் நின்று புலம்புகிற அப்பா ஒருவரும் இருக்கத்தானே வேண்டும் என்றேன். அவர் அந்த அப்பாவை ஒருகணம் நினைத்துப் பார்த்தார். "அவனுக்கென்ன, பென்சன் வருதுல்ல" என்று சொல்லிவிட்டார்.

அம்மாவின் தர்க்கம் என்னுடையதைவிடக் கூர்மையானது. திருமலைராயன்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்கள்ல உங்கப்பா ஏழாவது ஆளு. இவரு அங்க இருந்தா எட்டாவது ஆளு வந்திருப்பாரு. அவரு யாருன்னு நானும் யோசிக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னங்க, அங்க நான் யாரு உங்களுக்கு?" என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

புரோக்கர் போன மறுநாள் நான் காரைக்காலுக்குப் பஸ் ஏறினேன். பிறந்த பதிவை எடுத்துக் கொடுப்பதற்காக அல்ல, அதில் ஏதாவது இடறல் கண்டுபிடித்து நிலத்தைக் காப்பாற்றுவதற்காக. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பாடத்தின் மறுபக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லாமே எங்கேயோ நடக்கும் என்றால், நான் தடுத்து நிலம் பிழைத்த உலகமும் உண்டு, தடுக்காமல் போன உலகமும் உண்டு. எது எப்படிப் போனாலும் மொத்தக் கணக்கு மாறாது. அப்படியிருக்க, நான் ஏன் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன்? பதில் தெரியவில்லை. வேறு உலகத்து நிலத்தில் அப்பா இறங்கி நிற்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. இறங்கிப் பதிவு அலுவலகத்துக்கு நடந்தேன்.

பழைய ஆட்கள் இன்னும் 'எத்தா சிவில்' என்று சொல்லுகிற பிரெஞ்சுக் காலப் பதிவேடுகளில் தாத்தா பிறந்த பதிவு இல்லை. முன்னும் பின்னும் இரண்டு வருடம் சேர்த்துப் பார்த்தும் இல்லை. அவருடைய கல்யாணப் பதிவு மட்டும் கிடைத்தது. முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. நகல் வாங்கிக்கொண்டு, தருமபுரத்தில் பிரெஞ்சுக் காகிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு பிரெஞ்சுப் பென்சன்காரர் யாரையோ அதட்டிக்கொண்டே என் தாளை வாங்கிப் படித்தார்.

"உயிரோட இருக்கீங்கன்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது, நீங்கதான் வந்து காட்டணும்" என்று போனை வைத்தார். பிறகு என்னிடம், "உங்க தாத்தா விவசாயி. சரி. பூவம்னு சொன்னீங்க? இதுல பொறந்த ஊரு அது இல்லையே" என்றார்.

அவர் படித்த ஊர்ப்பெயர் எனக்குத் தெரியும். நண்டலாற்றுக்கு வடக்கே, எங்கள் வயலிலிருந்து பார்த்தால் தென்னந்தோப்பு தெரிகிற ஊர். இப்போது தமிழ்நாடு, அப்போது இங்கிலீஷ்காரன் ஆண்ட சீமை. கொள்ளுப்பாட்டிக்குப் பிறந்த வீடு அது. தாத்தா தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள்.

"அப்ப தாத்தாவுக்கு எழுதிக் குடுக்குற உரிமையே இல்லையா மேடம்?" என்று கேட்டேன். எனக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அந்த வாசலே இருந்ததில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம். அவன் எந்தப் பிரபஞ்சத்திலும் இல்லாமல் போவான்.

"உரிமை இல்லை தம்பி. தேவையும் இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னா, இந்த மண்ணுல பொறந்தவங்க எழுதிக் குடுக்கலைன்னா இந்தியர். பிரெஞ்சுக்காரங்களுக்குப் பொறந்து, ஆனா வெளியூர்ல பொறந்தவங்களைப் பத்தி அதுல பேச்சே இல்ல. பேச்சு இல்லாதவங்க பழையபடியே இருந்துட்டாங்க. கைநாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அப்ப தாத்தா?"

"கடைசிவரைக்கும் பிரெஞ்சுக்காரர்தான். அவருக்குத்தான் தெரியாது."

"அப்பா?"

"பிரெஞ்சுக்காரர் புள்ளை என்னவா இருப்பாரு? ஆனா இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. அம்பது வருஷம் அந்த நாட்டோட ஒரு தொடர்பும் இல்லாம, ஒரு காகிதம்கூட இல்லாம இருந்துட்டா, அதுக்கப்புறம் நிரூபிக்கவே வழி கிடையாது. அந்தக் கதவை அடைச்சுப் பத்து வருஷத்துக்கு மேல ஆவுது."

"பழைய கைநாட்டு ஒண்ணு இருந்தா?"

என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்படி ஒருத்தன் சொன்னானா? எந்தக் கைநாட்டு வந்தாலும் இப்ப இதே கதிதான். கூடவே போலீசும் வரும். போய் உங்கப்பாவைத் தூங்கச் சொல்லுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. தாத்தா எழுதிக் கொடுத்த உலகம், கொடுக்காத உலகம் என்று இரண்டு வைத்துக்கொண்டு இத்தனை வருடம் சண்டை போட்டிருந்தோம். இரண்டும் ஒன்றுதான். வழி அங்கே பிரியவே இல்லை. பிரிந்த இடம், வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் ஆற்றைத் தாண்டி அம்மா வீட்டுக்குப் போன நாள். அவள் எந்த நாட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மா கையால் ரசம் சாப்பிடப் போனாள்.

அதைவிட என்னை அலைக்கழித்தது வேறு. கதவை அடைத்தபோது எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். ஏதோ ஒரு சாதாரண நாள். காலையில் அவர்களாக எழுந்து இரவு நாங்களாகப் படுத்திருக்கிறோம். அன்றைக்கு அம்மா என்ன குழம்பு வைத்தாள், அப்பா எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார், நான் யாரோடு விளையாடினேன்? எவ்வளவு துழாவியும் அந்த நாள் கிடைக்கவில்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு உலகம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது, நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று பூவம் நிறுத்தம் வரை யோசித்தேன். சொல்லாமல், வெறுமனே 'பதிவு கிடைக்கல' என்றால் புரோக்கர் அதையும் தயார் செய்து கொடுத்துவிடுவார். நிலம் போய்விடும். சொன்னால் அப்பாவின் மனம் என்ன ஆகும் என்று தெரியாது. நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சொன்னதுமே அவர் கை நின்றுவிட்டது. அம்மாதான் முதலில் பேசினாள்.

"அப்ப நான் பிரெஞ்சுக்காரர் பொண்டாட்டியா? இது தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு பவுன் கூடக் கேட்டிருப்பீங்களே எங்கப்பாகிட்ட!"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னிடம், "நான் நடவு நட்டப்ப?" என்றார்.

"அப்பவும்தாம்ப்பா."

"கல்யாணத்தப்ப?"

"அப்பவும்."

"நீ பொறந்தப்ப?"

"அப்பவும்."

கயிற்றின் ஒரு பிரியை விரலில் சுற்றினார். "அப்ப நீயும்?"

"நானும். பன்னெண்டு வயசு வரைக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். அதுவரை என்னை அப்படி அவர் பார்த்ததில்லை. வாசல் பக்கம் போகும் அந்த ஒரு நொடித் தாமதம் அதில் இல்லை. "அப்ப அவன் நீதான்" என்றார். "ஆறாவதுல கணக்குல ஃபெயிலானியே, அது அவன்தான்."

நான் தலையாட்டினேன். அவர் அழவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு, தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார். மாடு குடித்து முடித்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து அவர் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. தெருக்கோடி வீட்டைக் கடக்கும்போது ஏதும் சொல்வதில்லை. இதைத்தான் இத்தனை வருடமாக நான் விரும்பினேன். ஆனால் வீட்டில் ஓர் ஆள் குறைந்ததுபோல இருக்கிறது. அவன் என்னோடு வளர்ந்தவன். எனக்குப் பொறாமையாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. சில சமயம் வகுப்பில் பாடம் நடத்தும்போது, இந்த வாக்கியத்தை அவன் எப்படிச் சொல்வான் என்று நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவனாக இருந்தது நான்தான் என்றால், அவன் போன பிறகு இங்கே நிற்பது யார் என்று எந்தக் கணக்கும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை புரோக்கர் மைப்பெட்டியோடு வந்தார். அப்பா இரண்டு கைகளையும் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, "வேணாங்க. எங்கப்பா வைக்காதது சரிதான். அவருக்கு அது தேவையே இல்லாம இருந்திருக்கு" என்றார். முன்பணத்தை நான் கேட்டேன். "அது மேல குடுத்தாச்சு தம்பி, எப்படித் திரும்பும்?" என்றார் புரோக்கர். போலீசுக்குப் போகலாம் என்று நான் எழுந்தேன். அப்பா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பொய்க் கைநாட்டுக்குப் பணம் கொடுத்தவன் எந்த முகத்தோடு போலீசுக்குப் போவது?

நிலம் தப்பித்தது. இந்தச் சம்பாவுக்கும் அப்பாதான் அதில் இறங்கினார். முன்பணத்துக்கு வாங்கியிருந்த கடனை அம்மாவின் கம்மலையும் ஒரு கறவை மாட்டையும் விற்று அடைத்தோம். திரும்பாத முன்பணம், நகல் கட்டணம், மொழிபெயர்ப்பு, பஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஐம்பத்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய்.